வாய் மூடிய ஸ்பீக்கர்

செம்பூர் ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த கடையில் அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது. தரையைத் தேடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் இன்னும் பொருத்தம்.

"தோளில மாட்டுங்க, பஞ்சு சார்," என்றாள் ஆபிதா.

பஞ்சாபகேசன் மாட்டினார். கடைக்குள் நாலு தப்படி நடந்தார். ஒவ்வொரு தப்படிக்கும் பை அவர் முழங்காலில் 'தப், தப்' என்று இடித்தது.

"மேடம், இது தோள் பை இல்லை. முழங்கால் பை. உள்ளே பாண்டேஜ் வைக்க ஒரு பாக்கெட் இருக்கான்னு பாருங்கோ."

"நயா ஃபேஷன் ஹை, சாப்," என்றான் கடைக்காரன்.

"யாருக்கு? ஒட்டகச்சிவிங்கிக்கா?"

ஆபிதா சிரிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடித்துப் பிடித்து, சிரிப்பதற்கு முன் யோசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. தாராவியில் பிறந்தவள். மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். பஞ்சாபகேசன் மாட்டுங்காவிலேயே பிறந்து, மாட்டுங்காவிலேயே ஒரு பேங்கில் வேலை பார்த்து, சீக்கிரமே விருப்ப ஓய்வு வாங்கி, மாட்டுங்காவிலேயே அவளுக்கு உதவியாளராகச் சேர்ந்தவர். உலகம் சுற்றியவர் மாதிரிதான் பேசுவார்.

"வாங்கிக்குவோம்," என்றாள் ஆபிதா.

"இதையா?"

"இந்த நீளப் பிடிதான் நமக்குக் கிடைச்ச முதல் சாட்சி."

பஞ்சு பையைத் தோளிலிருந்து கழற்றி, சாட்சியை மரியாதையாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

வழக்கு எளிமையானது. தாராவியில் நாகூர் கனி என்பவருக்குத் தோல் பைப் பட்டறை இருக்கிறது. அவர் புதிதாக ஒரு பை யோசித்தால், அவருடைய பை வெளியே வருவதற்கு முன்பே அதன் நகல் இந்தச் செம்பூர் கடையில் தொங்குகிறது. மூன்றாவது முறையாக நடந்துவிட்டது. கனி யோசிக்கும்போது உடன் இருப்பது ஒரே ஓர் ஆள்தான். பேட்டர்ன் வெட்டும் சஃப்ரீன். ஆகவே இன்று சாயங்காலம் மெஷின்கள் நின்றதும் சஃப்ரீனை வேலையை விட்டு அனுப்புவதாக முடிவாகியிருந்தது. தாராவியில் ஒரு பட்டறை 'இவ டிசைனை வித்துட்டா' என்று சொல்லி அனுப்பினால், அடுத்த பட்டறை கதவைத் திறக்காது.

ஆபிதாவைக் கூப்பிட்டது கனி இல்லை. சஃப்ரீன்.

---

கனியின் பட்டறை மூன்று மாடி. ஒவ்வொரு மாடியும் ஒரு லாரி அகலம். படிக்கட்டு என்று சொல்லப்பட்டது இரும்பு ஏணி. பக்கத்தில் பிடித்து ஏற ஒரு கயிறு.

தரைத்தளத்தில் பேக்கிங். அங்கே மைக், ஆம்ப்ளிஃபையருடன் ரஷீதா. முதல் மாடியில் கனியின் அக்கா மகனும் மேனேஜருமான ஷகீலின் கேபின். இரண்டாவது மாடியில் தையல் மெஷின்கள். மூன்றாவது மாடியில் கனியும், சஃப்ரீனும், ஒரு பூட்டிய அலமாரியும். ஒவ்வொரு மாடிச் சுவரிலும் ஒரு ஸ்பீக்கர் பெட்டி. ஏணி ஏறாமல் ஆளைக் கூப்பிட அதுதான் வழி.

பஞ்சு கயிற்றைப் பிடித்து மூன்றாவது மாடிக்கு வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி, "இங்கே திருட வர்றவன் முதல்ல டாக்டர்கிட்ட சர்டிஃபிகேட் வாங்கணும்," என்றார்.

நாகூர் கனி செம்பூர் பையை வாங்கி விரித்தார். வெள்ளைத் தாடி, தோல் சாயம் ஏறிய விரல்கள்.

"பாத்தியளா ஆபிதாம்மா! அதே உள் துணி. அதே ஜிப்பு. உள்ள ரெண்டு அறை, அதும் அப்பிடியே. என் மூளைய அறுத்துல்லா எடுத்துருக்கான்!"

அலமாரியைத் திறந்து தன்னுடைய சாம்பிளை எடுத்து வைத்தார். சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. இரண்டு பைகளும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. பிடியைத் தவிர. கனியின் பை இடுப்போடு நின்றது.

"பிடி எவ்வளவு நீளம்னு இங்க சொன்னீங்களா?" என்றாள் ஆபிதா.

"சொன்னேனே. 'பிடி கொஞ்சம் நீளமா, இம்புட்டு'ன்னேன்." இரண்டு உள்ளங்கைகளையும் காற்றில் விலக்கிக் காட்டினார்.

"எத்தனை இஞ்சு?"

"இஞ்சு என்னத்துக்கு? கை இருக்குல்லா?"

வெட்டு மேஜைக்குப் பின்னால் நின்ற சஃப்ரீன் முதல் முறையாக வாயைத் திறந்தாள். கழுத்தில் டேப், காலடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் அவளுடைய டிபன் டப்பாவும் சொந்தக் கத்தரியும் ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தன.

"நான் இங்க சேந்ததுலேருந்து மொதலாளி வாயிலேருந்து ஒரு இஞ்சு வந்தது கெடையாது. அவுக கை விரியும், நான் டேப்ப அந்தக் கைல வச்சு அளந்துக்குவேன். சுனாபட்டிலேருந்து நான் வர்றது வெட்டுறதுக்கில்ல, இந்தக் கைய அளக்குறதுக்கு."

"பேச்சு மட்டும் கொறச்சல் இல்ல," என்றார் கனி.

"போற அன்னைக்குப் பேசாம எப்பப் பேச?"

ஆபிதா கேட்டாள்: "இதுக்கு முன்னால வந்த ரெண்டு நகல்லயும் ஏதாவது தப்பு இருந்துச்சா?"

"மொதல் பர்சுல மூடி பின் பக்கமா மடங்குச்சு," என்றாள் சஃப்ரீன். "மொதலாளி 'மூடி இப்பிடி மடங்கணும்'னாக. முன்பக்கமா."

"அதையும் கையால காட்டினாரா?"

"வேற எதால காட்டுவாக?"

"ரெண்டாவது?"

"ஜிப்பு. 'திறப்பு இந்தப் பக்கம்'னாக. அவன் அந்தப் பக்கம் வச்சிருந்தான்."

ஆபிதா இரண்டு பைகளையும் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கனி காக்கா, உங்க வாயில வந்ததெல்லாம் செம்பூர்ல சரியா இருக்கு. உங்க கையில வந்ததெல்லாம் தப்பா இருக்கு. இந்த ரூம்ல நின்னு உங்க கையப் பாத்தவ திருடியிருந்தா, பிடி முழங்காலுக்குப் போயிருக்காது. திருடினவன் பாக்கல. கேட்டிருக்கான்."

கனி தன் கைகளைப் பார்த்தார். அவை அவரைக் கேட்காமலே சஃப்ரீனுக்குச் சாதகமாகச் சாட்சி சொல்லிவிட்டது போலிருந்தது.

வாசலில் நின்ற ஷகீல் சிரித்தான். முப்பது வயது, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஹெல்மெட். அந்த ஹெல்மெட்டை அவன் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை. அதற்குச் சொந்தமான பைக் அவ்வளவு புதுசு.

"மேடம், சிம்பிள். தன் மேல சந்தேகம் வரக் கூடாதுன்னு இவ வேணும்னே தப்பா குடுத்திருப்பா."

"மூணு தடவ தப்பான சரக்கு குடுத்தவகிட்ட நாலாவது தடவ எவன் வாங்குவான்?" என்றாள் ஆபிதா.

ஷகீலுக்குச் சட்டென்று வேறு கவலை வந்துவிட்டது. "மாமா, நான் கீழ போறேன். நைண்ட்டி ஃபீட் ரோட்டு ஓரத்துல வண்டிய வச்சிருக்கேன். போலீஸ் டோயிங்காரன் நேத்திக்குக்கூட ரெண்டு வண்டி தூக்கிட்டான்."

"ரஷீதா ஸ்கூட்டியும் அங்கதான நிக்கி?" என்றார் கனி.

"அத எவன் தூக்குவான்?" என்று இறங்கிப் போனான்.

பஞ்சு, லாமிங்டன் ரோட்டில் வாங்கிய கருவியை வெளியே எடுத்தார். ஒளித்து வைத்த மைக் எதுவாக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்று கடைக்காரன் சத்தியம் செய்திருந்தான். மேஜைக்கு அடியில், அலமாரிக்குப் பின்னால், மின்விசிறிக்கு மேலே எல்லாம் நீட்டினார். கருவி மூன்று இடத்தில் கத்தியது. மூன்று இடத்திலும் அது கண்டுபிடித்தது பஞ்சுவின் சட்டைப் பையில் இருந்த செல்போனை.

"இந்த ரூம்ல ஒளிஞ்சிருக்கிற ஒரே ஆபத்து நான்தான், மேடம்."

அப்போது சுவரில் இருந்த ஸ்பீக்கர் வெடித்தது.

"கானா கா டைம்! எல்லாரும் எறங்குங்க! இன்னைக்கு தால் சாவல்தான், பிரியாணின்னு எவனும் கேக்கப்படாது!"

பஞ்சு காதைப் பொத்திக்கொண்டார். "இந்த அம்மாவுக்கு ஸ்பீக்கர் எதுக்கு? ஸ்பீக்கருக்குத்தான் இந்த அம்மா தேவை."

"இப்பக் கத்துதுல்லா?" என்றார் கனி. "தேவப்படுத நேரம் செத்துரும். அன்னைக்கு டெம்போ வந்து நின்னு, ஆளக் காணோம்னு போயிட்டான். ரஷீதா கத்திக் கத்திப் பாத்துட்டு ஏறி வந்து என்னய ஏசுனா. எனக்கு ஒண்ணும் கேக்கல."

"என்னைக்கு?"

"இந்தப் பையப் பத்திப் பேசிட்டிருந்தோம்லா, அன்னைக்கு."

ஆபிதா அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தாள். பழைய மரப்பெட்டி. முகத்தில் துணி. துணியில் பட்டறையின் தூசி. அது அங்கே இருப்பதையே எல்லோரும் மறந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

---

கீழே ரஷீதா சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது, கனத்த உடம்பு, இரண்டு முட்டியிலும் பட்டி.

"லாத்தா, மேல ஸ்பீக்கர் எப்பெப்ப வேலை செய்யல?" என்று அக்கா முறை சொல்லிக் கேட்டாள் ஆபிதா.

"அதக் கேளுங்கம்மா மொதல்ல! அவ்வோ ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டுப் புது டிசைன் பேசுத அன்னைக்கெல்லாம் அது செத்துப் போவும். மத்த மாடியெல்லாம் கேக்குது. மேல மட்டும் கேக்காது. மூணு தடவையும் நாந்தான் ஏறுனேன். எம் முட்டிய வந்து பாருங்க. இது முட்டியா? ரெண்டு பன்னு."

"ரிப்பேர் பாக்கலையா?"

"சேசுராஜு வந்து பாத்தான். நல்லாத்தான் இருக்குன்னுட்டுப் போயிட்டான். நான் என்ன கனவா கண்டேன்?"

---

சேசுராஜின் கடை குறுக்குச் சந்தில். வாசலில் செத்த ஸ்பீக்கர்கள் அடுக்கியிருந்தன. சிலதுக்குப் பேப்பர் கிழிந்திருந்தது, சிலது எரிந்த வாடை அடித்தது. சேசுராஜ் ஒரு கையில் வடாபாவும் மறு கையில் ஸ்குரூ டிரைவருமாக வேலை செய்துகொண்டிருந்தார். இரண்டில் எதைக் கடிக்கப் போகிறார் என்று பஞ்சு கவலையோடு கவனித்தார்.

"கனி பாய் ஸ்பீக்கரா? மூணு தடவ போனேன்க்கா. போனதும் நல்லாப் பாடுச்சு. பல்லு வலியும் அப்படித்தான், டாக்டரப் பாத்ததும் போயிரும்லா?"

"உள்ள என்ன இருக்கும்?"

"என்னத்த இருக்கும்? ஒரு காந்தம், ஒரு பேப்பரு, கொஞ்சம் செப்புக் கம்பி."

திறந்து கிடந்த ஒரு ஸ்பீக்கரை இழுத்தார். பேப்பர் கூம்பின் அடியில், விரல் மொத்தக் குழாயில் சுற்றிய செப்புக் கம்பிச்சுருள், காந்தத்தின் பள்ளத்துக்குள் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்திருந்தது. டார்ச் செல் ஒன்றை எடுத்து இரண்டு வயரையும் அதில் வைத்தார். 'டொக்.' பேப்பர் முன்னால் எழும்பியது. செல்லைத் திருப்பிப் பிடித்தார். 'டொக்.' பேப்பர் உள்ளே போயிற்று.

"கரண்டு இப்பிடி ஓடினா சுருளு வெளிய தள்ளும். அப்பிடி ஓடினா உள்ள போவும். ஆம்ப்ளிஃபையர் இத வெரசா மாத்தி மாத்தி அனுப்பும். சுருளு குதிக்கும், கூட பேப்பரும் குதிக்கும், காத்து அடி வாங்கும். அந்த அடிதான் ரஷீதாக்கா சத்தம்."

"காத்து பாவம்," என்றார் பஞ்சு.

ஆபிதா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மேஜையில் கிடந்த முள் மீட்டரைக் காட்டினாள்.

"செல்லை எடுத்துருங்க. அந்த மீட்டரை வயருல குடுங்க."

சேசுராஜ் கொடுத்தார். ஆபிதா பேப்பரை விரலால் மெல்ல அமுக்கினாள். மீட்டரின் முள் துள்ளியது. விட்டாள். எதிர்ப்பக்கம் துள்ளியது.

"அது ஆடத்தான்க்கா செய்யும். காந்தத்துக்குள்ள கம்பி அசைஞ்சா கரண்டு வரும்லா. தெனம் ஆடுது."

"விரலால அமுக்காம, பேப்பர் முன்னால நின்னு பேசினா?"

வடாபாவ் பாதி வழியில் நின்றது.

"பேச்சுக்கும் பேப்பர் அசையும். கொஞ்சூண்டு," என்றார் சேசுராஜ், யோசித்து யோசித்து. "கொஞ்சூண்டு கரண்டு வரும். அத மைக்குச் சொருகுத எடத்துல குடுத்தா..."

முடிக்கவில்லை. வடாபாவைக் கீழே வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் இரண்டு வயர்களை ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரின் மைக் துளையில் செருகினார். ஹெட்ஃபோனைப் பஞ்சுவின் காதில் மாட்டி, வயர் எட்டிய மட்டும் அவரைச் சந்துக்குள் தள்ளி நிறுத்தினார். சந்தில் ஒரு கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆபிதா ஸ்பீக்கரை நோக்கி, பக்கத்தில் இருந்த சேசுராஜுக்கே சரியாகக் கேட்காத குரலில் ஏதோ சொன்னாள்.

சந்தில் நின்ற பஞ்சு சட்டைக் காலரை அவசரமாகத் துடைத்தார்.

"சட்னி இன்னும் இருக்கா, மேடம்?" என்று கத்தினார்.

---

திரும்பி நடக்கும்போது ஆபிதா சொன்னாள்: "ஸ்பீக்கருக்கு வாயும் காதும் ஒண்ணுதான். அதே ரெண்டு வயரு. ஆனா ரெண்டு வேலையையும் ஒரே நேரத்துல செய்ய முடியாது. வயரைப் பிடுங்கி இன்னொரு பக்கம் போட்டாத்தான் அது கேக்கும். போட்டுட்டா ரஷீதா லாத்தா சத்தம் அதுல வராது. அது வாய மூடின அன்னைக்கெல்லாம் கேட்டுட்டு இருந்திருக்கு."

"என் கருவி அதைக் கண்டுபிடிக்கலையே?"

"அதுல ரேடியோ இல்ல, பேட்டரி இல்ல, செல்போன் இல்ல. கனி காக்காவே காசு குடுத்து மாட்டின ஸ்பீக்கர். உங்க கருவி எதைப் பாத்துக் கத்தும்?"

பஞ்சு சட்டென்று நின்றார். "அப்போ ஆள் கிடைச்சாச்சு! ஆம்ப்ளிஃபையர் யார் கையில? வயர் எல்லாம் யார் மேஜையில முடியறது? ரஷீதா! ஊருக்கே அறிவிப்பு பண்ற அம்மா, ஊர்ப் பேச்சையும் கேட்டுண்டு இருந்திருக்கா. பந்தயம், மேடம். நான் தோத்தா இந்த ஒட்டகச்சிவிங்கிப் பையை ஒரு வாரம் தோளில மாட்டிண்டு மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போறேன்."

"சரி. சாயா நேரத்துக்கு நைண்ட்டி ஃபீட் ரோட்டுல, வண்டி நிக்கிற இடத்துல நில்லுங்க. அங்கேருந்து பட்டறை வாசல் தெரியும். யாராவது ஓடி வந்தா, எங்க போறீங்கன்னு மரியாதையாக் கேளுங்க."

"எதுக்கு ஓடி வரணும்?"

"கதவைச் சாத்திக்கிட்டு நான் ஒரு பொய் சொல்லப்போறேன். மூணு பேர் இருக்கிற ரூம்ல. நாலாவதா எவன் கேக்கான்னு பாப்போம்."

---

சாயங்காலம் கனி, ஆபிதா சொல்லிக்கொடுத்தபடி, பட்டறை முழுக்கக் கேட்க அறிவித்தார். இந்தப் பெண்ணை அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒரு டிசைன் பேசப்போகிறார். ஈத் ஆர்டர், பெரிய ஆர்டர். யாரும் மேலே வரக் கூடாது. இதில் ஆர்டர் மட்டும் நிஜம். சஃப்ரீன், ஆபிதா, கனி மூவரும் மேலே போனார்கள். கதவு சாத்தப்பட்டது.

பஞ்சு ரோட்டு ஓரத்தில் நின்றார். வரிசையாக இருசக்கர வண்டிகள். நடுவில் ஷகீலின் கறுப்பு பைக், கண்ணாடி மாதிரி. அதன் பக்கத்தில் ரஷீதாவின் சிவப்பு ஸ்கூட்டி, ஒரு கண்ணாடி இல்லாமல்.

வாசல் வழியாக ரஷீதா தெரிந்தாள். மைக்கை இழுத்தாள்.

"சாய் வந்தாச்சு! எல்லாரும் எறங்குங்க!"

இரண்டாவது மாடி ஜன்னல் வழியாக அந்தக் குரல் எதிரொலித்தது. மெஷின்கள் நின்றன. மூன்றாவது மாடியிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

ஸ்பீக்கர் வாயை மூடிவிட்டது.

பஞ்சு ரஷீதாவின் மேல் கண்ணை நட்டார். இதோ, ஹெட்ஃபோனை எடுக்கப்போகிறாள். ரஷீதா எடுத்தது ஒரு காரி பிஸ்கட். அதைச் சாயாவில் முக்கினாள். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. ஸ்பூனைத் தேடினாள். குனிந்து, நிதானமாக, பிஸ்கட்டை மீட்கும் பணியில் இறங்கினாள். உலகத்தில் வேறு எந்த ரகசியத்திலும் அவளுக்கு அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை.

பஞ்சு பந்தயத்தை நினைத்துக்கொண்டார். மாட்டுங்கா மார்க்கெட் கண் முன்னால் வந்தது.

இரும்பு ஏணி தடதடத்தது. ரஷீதாவின் சாயா தளும்பியது. அவளைத் தாண்டி ஓர் ஆள் பாய்ந்து வெளியே வந்தான். ஒரு காலில் ஷூ, மறு காலில் சாக்ஸ். கையில் சாவி. ஹெல்மெட் இல்லை.

ஷகீல்.

பைக்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"எங்க அவன்? எங்க டோயிங் வண்டி?"

"எந்த டோயிங் வண்டி?" என்றார் பஞ்சு, மரியாதையாக.

"இப்ப கறுப்பு பைக்க தூக்கிட்டிருக்கான்னு..."

"யார் சொன்னா?"

ஷகீல் பைக்கிலிருந்து கையை எடுத்தான். பஞ்சுவின் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. ஷகீலின் கழுத்தில் ஹெட்ஃபோன் இருந்தது. அதன் வயர் சட்டை மேல் வழிந்து, பைக்கின் டேங்க் மேல் வந்து, எதிலும் செருகாமல் முடிந்திருந்தது.

"பாட்டு கேட்டுண்டு இருந்தீங்களாக்கும்," என்றார் பஞ்சு.

---

முதல் மாடி கேபினில், காலண்டரைத் தூக்கியதும் சுவரில் ஒரு சின்ன சுவிட்ச் தெரிந்தது. கீழிருந்து மூன்றாவது மாடிக்குப் போகும் ஸ்பீக்கர் வயர் அந்தச் சுவர் வழியாகத்தான் ஏறியது. அங்கே அறுத்துச் சேர்த்திருந்தான். சுவிட்ச் ஒரு பக்கம் இருந்தால் ரஷீதா பேசுவாள். மறுபக்கம் தட்டினால், மேலே பேசுவது மேஜை டிராயருக்குள் இருந்த சின்ன ஆம்ப்ளிஃபையர் பெட்டிக்கு வரும்.

ரஷீதா சுவிட்சையும் ஷகீலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏல, இந்தக் குச்சியத் தட்டிட்டு இங்க ஒக்காந்துகிட்டு, நான் ஒன் வாசல் வழியா முக்கி முனகி ஏறுததப் பாத்துகிட்டா இருந்த? மூணு தடவையும்? 'மெதுவா போங்க லாத்தா'ன்னு வேற சொன்னியே ல!"

"லாத்தா இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று பஞ்சு ஆபிதாவின் காதில் கேட்டார்.

"தன் கையால வயரைப் பிடுங்கினவ, 'ஏன் கேக்கல'ன்னு சண்டை போட அந்த முட்டியோட மூணு மாடி ஏறுவாளா?"

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"பந்தயம் நீங்கதான கட்டுனீங்க?"

கனி மருமகனின் எதிரே நின்றார். அடிக்கவில்லை. குரலும் உயரவில்லை.

"எதுக்குல?"

"செம்பூர் கடைல நானும் பார்ட்னர், மாமா." ஷகீல் தரையைப் பார்த்தான். பிறகு என்ன நினைத்தானோ, நிமிர்ந்தான். "மேனேஜர்னு பேரு. ஒரு டிசைனுக்காவது என்னை மேல கூப்பிட்டீங்களா? அவளத்தான் கூப்பிடுவீங்க. கூப்பிட்டிருந்தா நானும் பாத்திருப்பேன்ல?"

"பாத்திருந்தா பிடியும் சரியா வந்திருக்கும்," என்றார் பஞ்சு. "திருட்டுலயும் ஒரு தரம் இருந்திருக்கும்."

"சாவிய மேஜைல வையி," என்றார் கனி. "பட்டறை சாவிய. பைக் சாவிய நீயே வச்சுக்க. அக்காகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

ஷகீல் வைத்தான். மறு காலின் ஷூவைத் தேடி மாட்டிக்கொண்டு, ஏணியில் இறங்கினான். அவன் தலை மறைந்ததும் ரஷீதா அந்தச் சுவிட்சை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அது ஒரேயடியாகப் பேசும் பக்கத்தில் நின்றுவிட்டது.

---

மூன்றாவது மாடியில் சஃப்ரீன் தன் பிளாஸ்டிக் பையைக் கையில் எடுத்திருந்தாள். மெஷின்கள் நின்றதும் போகச் சொல்லியிருந்தார்கள். மெஷின்கள் நின்றுவிட்டன. அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கனி ஏறி வந்தார். பின்னால் ஆபிதா. அதற்கும் பின்னால், கயிற்றோடு போராடியபடி, நீளப் பிடிப் பையைத் தோளில் மாட்டிய பஞ்சு.

"ஏளா சஃப்ரீனு," என்றார் கனி.

"சொல்லுங்க மொதலாளி."

தாடியைத் தடவினார். மேஜையைப் பார்த்தார். சாம்பிளைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"தப்புப் பண்ணிட்டேன்." கைகள் தாமாகவே எழுந்தன. விலகின. இன்னும் விலகின. ஒரு கை சுவரைத் தொட்டது, மறு கை அலமாரியில் இடித்தது. இதற்கு மேல் விரிய அந்த அறையில் இடமில்லை. "இம்புட்டு."

சஃப்ரீன் அந்தக் கைகளை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை பார்த்தாள். அளவு அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. கண்ணாலேயே சொல்லிவிடுவாள். ஆனாலும் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அவருடைய வலது கையில் வைத்தாள்.

"இஞ்சுல சொல்லுங்க."

கனி டேப்பைப் பார்த்தார். அதைப் பிடிக்கத் தெரியாதவர் போலப் புரட்டினார். பஞ்சு முன்னால் வந்து, பை முழங்காலில் இடிக்க, ஒரு முனையைச் சுவரில் பிடித்துக்கொண்டார். கனி மறு முனையை அலமாரிவரை இழுத்து, கண்ணைச் சுருக்கி, எண்ணைத் தேடினார்.

"அறுவத்தாறு இஞ்சு," என்று சத்தமாகப் படித்தார்.

சஃப்ரீன் பிளாஸ்டிக் பையை மேஜைமேல் கவிழ்த்தாள். டிபன் டப்பா உருண்டது. அவள் கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

"ஈத் ஆர்டருக்குப் பிடி எத்தன இஞ்சு?"